முதல் குடம்

எங்கள் பிளாக்கில் எட்டு வீடு. எட்டுக்கும் சேர்த்து ஒரு மோட்டார், ஒரு கார்டு. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு எட்டு வீட்டுக்காரர்களும் மண்டையை உடைத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டுமல்லவா? அந்தப் பாவி நான்தான். பெயர் ஏகவல்லி, வயது ஐம்பத்திரண்டு. மோட்டார் ரூம் சாவி பதினேழு வருடமாக என் இடுப்பில்தான் இருக்கிறது.

கார்டு என்றதும் ரேஷன் கார்டை நினைக்கிறவர்கள் என் வயதுக்காரர்கள். இது கிராபிக்ஸ் கார்டு. ஸ்கிரீனில் விளையாட்டு ஓட வேண்டுமென்றால் இது இல்லாமல் நடக்காது. ஒரு காலத்தில் ரிச்சி தெருவில் கூவிக் கூவி விற்றார்களாம். அப்புறம் யோசிக்கிற மெஷின்கள் வந்தன. உலகத்தில் செய்கிற கார்டையெல்லாம் அந்த மெஷின்களுக்கே வாரிக்கொண்டு போனார்கள். எங்களைப் போன்ற ஜனங்களுக்குப் பிளாக்குக்கு ஒன்று என்று ஒதுக்கினார்கள். அதை வாங்கவும் நான் ஆறு மாதம் மனு எழுதி, நாலு ஜோடி செருப்பு தேய நடந்தேன்.

பூட்டு போட்ட அறை வேறு இல்லாததால் கார்டுப் பெட்டியை மோட்டார் ரூமில் வைத்தார்கள். அதை மாட்ட வந்த மெக்கானிக் ஷம்ஷாத் என்கிற பெண். முப்பது வயதிருக்கும், நல்ல வாய். கார்டு சூடாகும், குளிர வைக்க வேண்டும் என்று மோட்டார் குழாயை வளைத்து அந்தப் பெட்டியின் முதுகோடு ஒட்டிவிட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு வெச்சுகினு எட்டு வூட்டுக்கும் எப்பிடிம்மா பத்தும்?" என்று கேட்டேன்.

"நீங்க தண்ணி எப்பிடிக்கா வுடுறீங்க?"

"வரிசையாதான். இந்த வூட்டுக்கு ஒரு குடம், அந்த வூட்டுக்கு ஒரு குடம்."

"அதேதான். இந்தக் கார்டும் ஒரு வூட்டுக்கு ஒரு துளி வேலை பாக்கும், அடுத்த வூட்டுக்கு ஒரு துளி. கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள எட்டு வூட்டையும் பல தடவ சுத்தி வந்துடும். அதனால ஒவ்வொருத்தரும் தனக்கே தனியா ஒரு கம்ப்யூட்டர் கீதுன்னு நெனச்சுப்பாங்க. வூட்ல இருக்கறது வெறும் ஸ்கிரீன். கம்ப்யூட்டர் எல்லாம் இந்தப் பெட்டிக்குள்ள. இல்லாத கம்ப்யூட்டர் எட்டு."

"யாராச்சும் வெளாடாம எழுந்து பூட்டாங்கன்னா?"

"அவங்க பங்கு மத்தவங்களுக்குப் போயிடும். திரும்பி வந்தாங்கன்னா ஒரு நிமிசத்துக்குள்ள தானா கெடச்சுடும்."

எல்லாம் மாட்டி முடித்ததும், கார்டு ஓடுகிறதா என்று பார்க்க மோட்டார் ரூம் சுவரிலிருந்த சின்ன ஸ்கிரீனில் ஒரு படம் போட்டாள். ஒரு பித்தளைக் குடம் மெல்லச் சுற்றியது. வெளிச்சம் பட்டு அப்படி மின்னியது. என் கல்யாணத்துக்கு வந்த குடம் அசல் அதே மாதிரிதான் இருந்தது. அதையெல்லாம் எப்போதோ விற்றுத் தின்றாயிற்று. "எம்மா, இத எடுத்துடாத. இது சுத்துனா கார்டு ஓடுதுன்னு தெரிஞ்சுப்பேன்" என்றேன். ஷம்ஷாத் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டுப் போனாள். அன்றிலிருந்து காலையில் மோட்டார் ரூமைத் திறந்ததும் அந்தக் குடத்தின் முகத்தில்தான் விழிப்பேன். வெள்ளிக்கிழமையானால் ஸ்கிரீன் ஓரத்தில் ஒரு குங்குமப் பொட்டு.

முதல் குடம் என்று எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மோட்டார் போடுகிறவளுக்குத்தான் முதல் குடம் தண்ணீர். நான் கொண்டுவந்ததில்லை, எனக்கு முன் சாவி வைத்திருந்த ஓர் அம்மாள் காலத்திலேயே இருந்தது. என் குடம் நிரம்பிய பிறகுதான் மற்ற வீடுகளை ஒவ்வொன்றாகக் கூப்பிடுவேன். யாரும் இதுவரை வாய் திறந்ததில்லை, ஒருவனைத் தவிர. அவன் டில்லிபாபு, மாடியில் ஆறாம் நம்பர் வீடு. எல்லாவற்றிலும் ஒரு நொட்டை சொல்வான். கார்டு வந்த பிறகு குழாய்த் தண்ணீர் எந்நேரமும் வெதுவெதுப்பாக வருகிறது என்று அதற்கும் ஒரு சண்டை. "டீத்தூள் போட்டா நேரா குடிச்சுரலாம் யக்கா!" என்பான். ஊர் முழுக்கத் தீமிதிக்குப் போய், பிளாக்கில் ஒரு ஈ காக்கை இல்லாத நாளில்கூடக் குழாய் சூடாகத்தான் இருந்தது. நல்ல கார்டு, சும்மா உட்கார்ந்திருக்காது என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

சரி, கார்டு வந்த பிறகு நடந்ததைச் சொல்கிறேன். தண்ணீர் வரிசையில் பிறந்து வளர்ந்த ஜனங்கள் நாங்கள். வரிசையில் குடத்தை வைத்துவிட்டு ஆள் எங்கே வேண்டுமானாலும் போகலாம், அந்தக் குடத்தை ஒருவரும் தொட மாட்டார்கள். குடத்தை எடுத்தால் இடம் போச்சு. இப்படிப்பட்டவர்களிடம் போய், 'நீ எழுந்து போ, உன் இடத்தை அடுத்தவனுக்குக் கொடுக்கிறோம், வந்தால் திருப்பித் தருவோம்' என்றால் நம்புவதற்கு எங்களுக்கு என்ன பைத்தியமா?

டில்லிபாபுதான் முதலில் ஷம்ஷாத்தைத் தாஜா செய்து, சுற்றுகிற குடம் ஒன்றைத் தன் வீட்டு ஸ்கிரீனுக்கு வாங்கிக்கொண்டான். வேலைக்குக் கிளம்பும்போது அதைச் சுற்ற விட்டுவிட்டுப் போவான். ஆள் விளையாடிக்கொண்டிருக்கிறான் என்று கார்டு நினைத்துக்கொண்டு அவன் பங்கைத் தொடாது. இது தெரிந்ததும் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? ஒரே மாதத்தில் எட்டு வீட்டிலும் குடம். என் வீட்டுக்காரர் கன்னியப்பன் ஸ்கிரீனில் கேரம் ஆடுகிறவர். அவரும் ஒரு குடம் வைத்துக்கொண்டார். எட்டுக் குடமும் ஜம்மென்று சுற்றும், ஒருவரும் நிம்மதியாக விளையாட முடியாது. படம் திக்கித் திக்கி வரும். கார்டு சரியில்லை என்று என்னைத் திட்டுவார்கள்.

இதில் நிஜமாக அடிபட்டவள் தேவகிருபை ஒருத்திதான்.

தேவகிருபை மூன்றாம் நம்பர் வீடு. ஒருகாலத்தில் தண்ணீர் லாரி ஓட்டினாள். எங்கள் பேட்டைக்குள், ஆட்டோ நுழையாத சந்தில், பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரியை ரிவர்ஸில் கொண்டுவந்து நிறுத்துவாள். பார்க்கப் பார்க்க எனக்கு மயிர்க்கூச்செறியும். பிறகு ஓட்டுநர் சீட்டே இல்லாத லாரிகள் வந்தன. அவள் லாரியைக் காயலான் கடையில் போட்டபோது ஸ்டீயரிங்கை மட்டும் கேட்டு வாங்கி வந்தாள். அதற்கப்புறம் மார்க்கெட்டில் மீன் வெட்டுகிறாள்.

அந்த ஆளில்லாத லாரிகளுக்கு ஒரு குறை இருந்தது. சமவெளியில் சமர்த்தாகப் போகும். மலைப்பாதையில் மழை, பனி, குறுக்கே மாடு என்று வந்தால் திகைத்து நடுரோட்டில் நின்றுவிடும். அப்போது எங்கோ வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள், ஸ்கிரீனைப் பார்த்து அதை ஓட்டிக் கரை சேர்க்க வேண்டும். அந்த ஆட்களை எடுக்க ஒரு விளையாட்டு வைத்திருந்தார்கள். பெயர் 'நாற்பது வளைவு'. சரக்கு லாரியை நாற்பது கொண்டை ஊசி வளைவில் ஏற்ற வேண்டும். வருடத்துக்கு ஒரே நாள் போட்டி. முதல் நூறு பேருக்கு வேலை. நாற்பது வயதுக்கு மேல் கிடையாது. பதிவு செய்த சொந்த மெஷினில்தான் ஆட வேண்டும், வேறிடத்தில் போய் உட்கார முடியாது.

போன வருடம் போட்டியன்று எல்லாரிடமும் குடங்களை நிறுத்தச் சொன்னேன். எல்லாரும் சரி என்றார்கள். டில்லிபாபு மட்டும் முதலில் முரண்டு பிடித்துவிட்டுக் கடைசியில் தலையாட்டினான். தேவகிருபை பதினெட்டாவது வளைவுவரை தேர் மாதிரி ஏற்றினாள். அங்கே மழை தொடங்கியது. படம் ஒரு கணம் அப்படியே நின்றது. மறுபடி அசைந்தபோது லாரி பள்ளத்தில் கிடந்தது.

அவள் ஸ்டீயரிங்கை விட்டுக் கையை எடுக்கவே இல்லை. அழவும் இல்லை. "யாரோ குடத்த எடுக்கல அக்கா" என்றாள், அவ்வளவுதான். நேராக மாடிக்குப் போய் டில்லிபாபுவை வாய்க்கு வந்தபடி பேசினேன். "சத்தியமா நிறுத்திட்டேன் யக்கா" என்றான். நம்பவில்லை. அன்றிலிருந்து அவனோடு பேச்சு வார்த்தை இல்லை. தண்ணீர் வரிசையில் ஆறாம் நம்பர் வீட்டைக் கடைசியாகக் கூப்பிட்டேன். மோட்டார் தண்ணீர் இறுதியில் கலங்கித்தான் வரும், தெரிந்துதான் செய்தேன். ஒரு வருடம், ஒரு நாள் தவறாமல் செய்தேன்.

இந்த வருடம் தேவகிருபைக்கு நாற்பது முடியப்போகிறது. இதுதான் கடைசி.

போட்டிக்கு முந்தைய சாயங்காலம் வீடு வீடாகப் போனேன். என் வீட்டுக் குடத்தைத்தான் முதலில் எடுத்தேன். கன்னியப்பன் முணுமுணுத்தார், நான் முறைத்ததும் அடங்கினார். கீழ் வீடுகள் ஒப்புக்கொண்டன. மாடியேறி ஆறாம் நம்பர் கதவைத் தட்டினேன். ஒரு வருடம் கழித்து அந்த முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும்.

டில்லிபாபு கதவைத் திறந்து நிலையில் சாய்ந்துகொண்டான். "இன்னாக்கா, வழி தப்பி வந்துட்டியா?"

"நாளைக்குப் பத்து மணிக்கு தேவகிருபைக்குப் போட்டி. குடத்த எடுத்துரு."

"போன வருசமும் எடுத்தேன்."

"யோவ், பழச கிளறாத."

"யாரு கிளறுனது? ஒரு வருசமா என் வூட்டுக் குடத்துல சேறு நிக்குது. நான் ஒரு வார்த்த கேட்டேனா? மொத குடம் தெனமும் நீ புடிக்கிற. அத ஒரு நாள் வுட்டுக் குடேன் பாப்போம். உன்னால முடியுமா? எங்கள மட்டும் வந்து எடு எடுன்ற."

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "மோட்டார் போடறவளுக்கு மொத குடம், அது வழக்கம்!"

"அதான். உனக்கு வழக்கம், எங்களுக்குச் சட்டம்" என்றான். பிறகு குரல் இறங்கியது. "எடுத்துடறேன்க்கா. உனக்காக இல்ல. அந்தப் பொண்ணு எங்கம்மா செத்தன்னிக்கு லாரிய எங்க வாசல்ல நிறுத்தித் தண்ணி வுட்டுச்சு. அதுக்காக."

மறுநாள் ஞாயிறு. ஒன்பதரை மணிக்கு நான் தேவகிருபையின் வீட்டில் நின்றேன். பழைய லாரி ஸ்டீயரிங்கை ஸ்கிரீனுக்கு முன் ஒரு மேசையில் திருகிப் பொருத்தியிருந்தாள். மீன் வாடை போக எலுமிச்சைத் தோலைக் கையில் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். பரீட்சார்த்தமாக ஒரு வளைவு ஓட்டிப் பார்த்தாள். ஸ்கிரீன் மூலையில் ஓர் எண் ஓடியது. நொடிக்கு எத்தனை படம் வருகிறது என்ற கணக்கு அது. அறுபது வேண்டும்.

"அம்பத்தி மூணு" என்றாள் தேவகிருபை. முகம் வெளுத்துவிட்டது. "போன வருசமும் இதே அம்பத்தி மூணுதான் அக்கா. வெயில்ல சமாளிக்கலாம். மழ வந்தா விழுந்துடும்."

எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்த வேகம். மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டினேன். "டில்லி! வெளிய வாய்யா! மானங்கெட்டவனே!" என்று கத்தினேன். கதவு திறந்தது. அவன் கையில் ஸ்கிரீனின் ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது. பிளக்கோடு பிடுங்கி வைத்திருந்தான்.

"நீ வருவேன்னு தெரியும்க்கா. அதான் கையில வெச்சுகினு ஒக்காந்திருக்கேன். பாத்துக்கோ. நல்லா பாத்துக்கோ" என்றான். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. கண் கலங்கியிருந்தது.

மற்ற வீடுகளிலும் ஓடிப் பார்த்தேன். ஏழு ஸ்கிரீனும் கறுப்பாகக் கிடந்தன. மணி ஒன்பது நாற்பத்தெட்டு. மோட்டார் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஷம்ஷாத்துக்குப் போன் போட்டேன்.

"எல்லாரும் எடுத்துட்டாங்க ஷம்ஷாத். ஆனா அம்பத்தி மூணுதான் வருது. கார்டு கெட்டுப்போச்சா?"

"இருங்கக்கா, பதட்டப்படாதீங்க. அந்தச் சின்ன ஸ்கிரீனுக்குக் கீழ பச்சைப் பொத்தான் இருக்கும். ஒரு தடவ அழுத்துங்க, லிஸ்ட் வரும். எத்தன வரி இருக்கு?"

அதுவரை அந்தப் பொத்தானை நான் தொட்டதே இல்லை. அழுத்தினேன். குடத்தின் பக்கத்தில் வரிகள் வந்தன. விரல் வைத்து எண்ணினேன். "ஒம்போது."

"ஒம்போதா? எட்டு வூடுதானே?"

"வூடு ஒண்ணுல இருந்து எட்டுவரைக்கும் கீது. அதுக்கு மேல, மொத வரியில 'சோதனை'ன்னு போட்டுருக்கு."

ஷம்ஷாத் மெதுவாகக் கேட்டாள். "அக்கா... அந்த ஸ்கிரீன்ல இன்னும் குடம் சுத்துதா?"

"சுத்துதே. நம்ம குடம்."

"நான் கார்டு மாட்ட வந்த அன்னிக்குப் போட்டதா?"

"ஆமா. ஏன்?"

"யா அல்லா. நான் எடுக்க மறந்தே போயிட்டேன்க்கா. அதுதான் ஒம்பதாவது மெஷின். குடம் வரையறது லேசான வேலைதான். ஆனா அதுக்கு நான் நிறுத்தம் போடல. நொடிக்கு எவ்ளோ படம் வரைய முடியுமோ அவ்ளோவும் வரைஞ்சு தள்ளும். யாருமே இல்லன்னாகூட அது ஒண்ணே முழுக் கார்டையும் தின்னும். இப்ப தேவகிருபையும் அதுவும் ரெண்டே பேர், பாதிப் பாதி. போதாததுக்கு அது மொத வரி. நெருக்கடி வந்தா மொத வரிக்கு ஊத்திட்டுதான் அடுத்ததுக்கு வரும்."

நான் குங்குமப் பொட்டு வைத்த குடம் என் கண்ணெதிரே மின்னிக்கொண்டு சுற்றியது. இரண்டு வருடம் நாலு மாதம். ஒவ்வொரு வீட்டுப் படியாக ஏறி, குடத்தை எடு, குடத்தை எடு என்று கத்தியவள் நான். போன வருடம் அந்த மழையில் லாரியைப் பள்ளத்தில் தள்ளியதும் நான்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அக்கா, இருக்கீங்களா? டைம் ஆகுது. மொத வரிய அழுத்திப் புடிங்க, நிறுத்தவான்னு கேக்கும்."

"இத நிறுத்துனா கார்டு ஓடுதா இல்லையான்னு எனக்கு எப்பிடித் தெரியும் ஷம்ஷாத்?"

"தெரியாதுக்கா. நம்பணும்."

மணி ஒன்பது ஐம்பத்தாறு. அழுத்தினேன். குடம் பாதிச் சுற்றில் நின்றது. பிறகு ஸ்கிரீன் இருண்டது. கறுப்புக் கண்ணாடியில் என் முகம்தான் தெரிந்தது. குங்குமம் என் நெற்றிக்கு நேராக இல்லாமல் காதுக்குப் பக்கத்தில் இருந்தது.

தேவகிருபை வீட்டுக்குப் போய்ப் பார்க்கத் தைரியம் இல்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது? குழாயைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தேன். பத்து மணி ஆனது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். கைக்குள் குழாய் மெல்ல மெல்லக் குளிர ஆரம்பித்தது.

இரண்டு வருடத்தில் அந்தக் குழாய் குளிர்ந்ததே இல்லை. எனக்கு உயிரே போய்விட்டது. கார்டு நின்றுவிட்டது, நான்தான் கொன்றுவிட்டேன், பாதி மலையில் அவள் ஸ்கிரீனும் இதேபோல் இருண்டிருக்கும் என்று நினைத்தேன். கை தானாகப் பச்சைப் பொத்தானுக்குப் போயிற்று. அதை அழுத்தி அந்த முதல் வரியைத் தொட்டால் போதும், குடம் திரும்பி வந்துவிடும், ஓடுகிறதா என்று தெரிந்துவிடும். ஆனால் அது வந்தால் அவளுடைய பாதி போகும். கையை முந்தானைக்குள் சுற்றி வைத்துக்கொண்டேன். ஏகவல்லி, ஒரே ஒரு தடவை சும்மா இருடி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த அரை மணி நேரம் நான் பட்ட பாடு பிள்ளை பெற்றபோதுகூடப் பட்டதில்லை.

வெளியே திடீரென்று ஒரு கூச்சல் கிளம்பியது. யாரோ தட்டை எடுத்து அடித்தார்கள். வாசலில் தடதடவென்று காலடி. கதவைத் திறந்து எட்டிப் பார்த்தவர் கன்னியப்பன். "ஏறிட்டாடி! நாப்பதும் ஏறிட்டா! அறுபத்தியோராவது எடம்! எண்ணு அறுபத விட்டு ஒரு தடவகூட எறங்கலடி!"

"மழ?"

"மழையா? கொட்டுச்சு! பதினெட்டாவது வளைவுல அவ பாட்டுக்கு மொனகிகினே திருப்புனா பாரு..."

நான் அழுததைப் பார்த்து அவர் சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

தேவகிருபையின் வீட்டில் பிளாக்கே நின்றது. டில்லிபாபு தட்டைக் கரண்டியால் அடித்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் தேவகிருபை ஓடிவந்து கையைப் பிடித்தாள். "அக்கா, இன்னா பண்ண? கடைசி நேரத்துல எப்பிடி சரி ஆச்சு?"

இந்த நேரத்தில் சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரியும். சொல்லிவிட்டேன். மோட்டார் ரூம் குடம், ஒன்பதாவது வரி, இரவு பகலாகக் குழாயைச் சூடாக்கியதும் அதுதான் என்பது, குங்குமம், எல்லாவற்றையும். "போன வருசம் உன்ன வுழ வெச்சது டில்லி இல்ல. நான்தான்" என்று முடித்தேன். தட்டுச் சத்தம் நின்றுபோயிருந்தது.

தேவகிருபை என் கையை விட்டாள். தன் கையைப் பார்த்தாள். முள் குத்திக் குத்தித் தழும்பேறிய விரல்கள். "ஒரு வருசம் அக்கா" என்றாள். "ஒரு வருசம் செதில் தேச்சேன்."

"தெரியும்மா."

"இன்னிக்கு எனக்குக் கோவம் வரல. மனசு பூரா அந்த ரோடுதான் கீது. நாளைக்கு வந்தாலும் வரும். வந்தா திட்டுவேன், வாங்கிக்கோ."

"வாங்கிக்கறேன்."

"எனக்கு இன்னிக்கே வருது!" என்றான் டில்லிபாபு பின்னாலிருந்து. "ஒரு வருசம் சேறு குடிச்சிருக்கேன்யா!" யாரோ களுக்கென்று சிரிக்க, அவனும் அடக்க முடியாமல் சிரித்துவிட்டான். நான் அவன் முன்னால் போய்க் கை கூப்பினேன். "ஐய, இன்னாக்கா இது, கைய எறக்கு" என்று பதறிப் பின்வாங்கினான்.

மறுநாள் காலை மோட்டார் போட்டேன். என் குடத்தை வரிசையின் கடைசியில் வைத்துவிட்டு, "ஆறாம் நம்பர் வூடு!" என்று முதலில் கூப்பிட்டேன். டில்லிபாபு குழாய்க்குக் கீழே குடத்தை வைத்தான். தண்ணீரைக் கையில் ஏந்தி ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"ஜில்லுன்னு கீதுக்கா. கலங்கலும் இல்ல. ஒடம்பு ஒத்துக்குமான்னுதான் தெரியல" என்றான்.

அந்த வாரம் எட்டு வீட்டுக்காரர்களும் மோட்டார் ரூம் வாசலில் கூடினோம். ஷம்ஷாத்தும் வந்திருந்தாள். தேவகிருபைக்கு வேலை காலை பத்திலிருந்து இரண்டுவரை. அந்த நாலு மணி நேரமும் நிஜ மலையில், நிஜ லாரி. படம் நின்றால் லாரி நிஜமாகவே கவிழும். குடம் வைக்கிற பழக்கத்தை விட்டுவிடலாமா என்று நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன். நம்பிக்கை இல்லாத முகங்களாகத்தான் இருந்தன.

டில்லிபாபுதான் வாயைத் திறந்தான். "நான் நேத்து சோதிச்சுப் பாத்தேன். குடத்த எடுத்துட்டு மார்க்கெட்டுக்குப் போயிட்டு வந்து ஒக்காந்தேன். எடம் திரும்பக் கெடைக்க எவ்ளோ நேரம் ஆச்சு தெரியுமா? பதினோரு செகண்டு! பதினோரு செகண்டுக்காகவா ரெண்டு வருசம் குடத்தச் சுத்த வுட்டுகினு கெடந்தோம்?"

ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள். அப்புறம் ஷம்ஷாத் கேட்டாள். "அந்த மொத வரி காலியா கீது. அத அழிச்சிடட்டுமா?"

"அழிக்காத" என்றேன். "அத தேவகிருபை பேருக்கு மாத்து. அவ வண்டி ஓட்டறப்போ மொத குடம் அவளுக்குத்தான். அதுக்கப்புறம்தான் நாம எல்லாரும்."

"மொத குடம் மோட்டார் போடறவங்களுக்குத்தானேக்கா?" என்றான் டில்லிபாபு, கண்ணைச் சிமிட்டிக்கொண்டு.

"மோட்டார்தானே அவளும் ஓட்டப்போறா, போய்யா" என்றேன்.

கோபம் தேவகிருபைக்கு மூன்று வாரம் கழித்து வந்தது. ஒரு மத்தியானம் வேலை முடிந்து நேராக என் வீட்டுக்கு வந்து, நின்ற நிலையில் கால் மணி நேரம் திட்டினாள். லாரிக்காரி பேச்சு, கேட்க வேண்டுமா? நான் ஒரு வார்த்தை பதில் பேசவில்லை. திட்டி முடித்ததும் தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன், குடித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள்.

மோட்டார் ரூம் ஸ்கிரீன் வெறுமையாக இருக்க வேண்டாம் என்று ஷம்ஷாத் ஒரு வேலை செய்து கொடுத்திருக்கிறாள். புது மெஷின் எதுவும் போடவில்லை, சத்தியம் வாங்கிக்கொண்டேன். தேவகிருபை வீட்டு ஸ்கிரீனில் ஓடுவதே இங்கேயும் தெரிகிறது, அவ்வளவுதான். போன வெள்ளிக்கிழமை பழக்கதோஷத்தில் குங்குமத்தை எடுத்துக்கொண்டு போனேன். ஸ்கிரீன் நிறையப் பனி. விரலை நீட்டினேன். பனிக்குள்ளிருந்து விளக்கைப் போட்டுக்கொண்டு ஒரு பஸ் எதிரே வந்தது. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டேன். லாரி இடது பக்கம் ஒதுங்கி, பஸ்ஸுக்கு வழி விட்டு, மறுபடி மெல்ல ஏற ஆரம்பித்தது.

குங்குமத்தை என் நெற்றியிலேயே வைத்துக்கொண்டு கதவைப் பூட்டினேன்.